கிறிஸ்மஸ் பலகார சீசன்ல அம்மா மட்டும் அடுப்படில கிடக்காம இருக்க, எங்க வீட்டு முறை

எங்கம்மா கிறிஸ்மஸ் காலை ஆராதனைல முழிச்சு இருந்து நான் பாத்ததே இல்ல. பாளையங்கோட்டைல விடிகாலைலயே ஆராதனை, ஊசி கோபுரம் சர்ச் மணி கேக்கும்போதே எல்லாரும் குளிச்சு புதுசு உடுத்தி கிளம்பிருவோம், அம்மாவும் பட்டுச்சேலை கட்டி வருவாங்க, ஆனா பிரசங்கம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல அவங்க தலை என் தோள்ல சாஞ்சிரும். 23, 24 ரெண்டு ராத்திரியும் தூங்கியிருக்க மாட்டாங்க. கைல எண்ணெய் தெறிச்ச கொப்புளம் இருக்கும், சேலைல ஏலக்காய் வாசம் அடிக்கும். அப்ப எனக்கு அது ஒண்ணும் பெருசா தெரியல, எனக்கு கல்யாணமாகி ரெண்டாவது வருஷம் நானும் அதே மாதிரி பெஞ்சுல சாஞ்சு தூங்கிட்டேன், முழிச்சு பாத்தா ஆசீர்வாதமே முடிஞ்சிருந்துச்சு. அன்னைக்கு முடிவு பண்ணதுதான், இனிமே நம்ம வீட்டுல எல்லா வேலையும் கடைசி ரெண்டு நாளைக்கு வராதுன்னு.

அதுக்கப்புறம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி இப்ப ஒரு முறைக்கு வந்துருக்கோம். வீட்டுல நான், வீட்டுக்காரர், ரெண்டு பிள்ளைங்க, எங்க அத்தை. நானும் வேலைக்கு போறேன். பண்றது பிளம் கேக், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, கொஞ்சம் கை முறுக்கு, அவ்வளவுதான். ஏழு எட்டு வகை பண்ணி யாரும் திங்காம ஜனவரி வரைக்கும் டப்பால கிடக்குறதுக்கு நாலு வகையை நல்லா பண்ணலாம்.

முதல்ல காலண்டரை எடுத்து வச்சிக்கோங்க. டிசம்பர்ல பிள்ளைங்களுக்கு அரையாண்டு பரீட்சை வரும், அதை மறந்துட்டு பிளான் போட்டா எல்லாம் பாழாயிரும். பரீட்சை டைம்டேபிள் வந்ததும் ஃபிரிட்ஜ்ல ஒட்டி, மறுநாள் கணக்கு பரீட்சை இருக்குற நாள்ல எண்ணெய் சட்டி வைக்க மாட்டேன். அப்புறம் சபைல கேரல் ரவுண்ட்ஸ் (வீடு வீடா கிறிஸ்மஸ் பாட்டு பாடி வர்றது) எந்தெந்த நாள் நம்ம தெருவுக்கு வருதுன்னு கேட்டு குறிச்சிக்குவேன், அன்னைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு இருபது பேர் வீட்டுக்குள்ள வருவாங்க, அடுப்படி முழுக்க மாவா இருந்தா கஷ்டம்.

நவம்பர் கடைசி ஞாயிறு, அட்வென்ட் (கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வார ஆயத்த காலம்) ஆரம்பிக்கிற சமயம், பரண்ல இருந்து கேக் டின், அச்சு, பெரிய சட்டி, பிஸ்கட் டப்பா எல்லாம் இறக்கி கழுவி காய வைக்கணும். இங்கிலாந்துல அட்வென்ட்டுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைதான் கிறிஸ்மஸ் புட்டிங் கிண்டுற நாள், குடும்பத்துல எல்லாரும் ஆளுக்கு ஒரு தடவை கரண்டி பிடிச்சு கிண்டுவாங்க. நமக்கு புட்டிங் இல்ல, ஆனா அந்த எல்லாரும் கிண்டுற பழக்கத்தை நாங்க எடுத்துக்கிட்டோம். அன்னைக்கே ஓவனையும் ஒரு தடவை போட்டு பாத்துருங்க. ஒரு வருஷம் எங்க ஓவன்ல கீழ் கம்பி சூடாகவே இல்லங்கிறது மாவை உள்ள வச்சப்புறம்தான் தெரிஞ்சது. ஓவன்ல 150ன்னு வச்சா உள்ள நிஜமா 150 இருக்கும்னும் இல்ல, ஓவனுக்குள்ள வைக்கிற சின்ன தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வச்சிக்கிட்டா காலத்துக்கும் உதவும்.

டிசம்பர் முதல் வாரம் கெட்டுப்போகாத வேலை. மசாலா பொடிங்க: பட்டை, கிராம்பு, ஏலக்காய், சுக்கு, கொஞ்சம் ஜாதிக்காய், லேசா வறுத்து பொடிச்சு சின்ன பாட்டில்ல போட்டுருங்க. கிராம்பை கம்மியா போடுங்க, கூடிருச்சுன்னா கேக் பல் மருந்து மாதிரி வாசம் அடிக்கும். முந்திரி முழுசா வாங்கவே வேண்டாம், கேக்குக்கு எப்படியும் உடைக்கத்தானே போறோம், உடைசல் முந்திரி வாங்கினா காசு நல்லாவே மிச்சம்.

அதே வாரத்துல கேரமல் காய்ச்சி வச்சிரலாம், இதைப்பத்தி மட்டும் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா பிளம் கேக்கோட நிறமும் அந்த லேசான கசப்பும் இதுல இருந்துதான் வருது, கடைல கலர் வாங்கி ஊத்த வேண்டாம். அடி கனமான பாத்திரத்துல 100 கிராம் சீனி, ஒரு ஸ்பூன் தண்ணி, சின்ன தீ. கரண்டி போட்டு கிண்டாதீங்க, பாத்திரத்தை மட்டும் சுத்தி சுத்தி ஆட்டுங்க. முதல்ல உருகும், தேன் நிறம் வரும், அப்ப நல்லா இருக்கேன்னு இறக்கிட்டீங்கன்னா கேக் வெளிறிப் போய்தான் வரும். இன்னும் விடணும், செம்பு நிறம் தாண்டி கடுங்காப்பி நிறத்துக்கு வந்து ஓரத்துல லேசா புகை கிளம்பும் பாருங்க, அந்த நிமிஷம் அடுப்பை அணைச்சிரணும். அதுக்கு மேல அரை நிமிஷம் போனாலும் கரிதான். இப்ப 100 மில்லி வெந்நீர் ஊத்தணும், பச்சைத்தண்ணி ஊத்தவே கூடாது, வெந்நீர் ஊத்தினாலே புஸ்ஸுன்னு பொங்கி தெறிக்கும், அதனால ஒரு எட்டு தள்ளி நின்னு, நீளமான கரண்டில கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. இந்த நேரத்துல பிள்ளைங்க அடுப்படிலயே இருக்கக் கூடாது, எங்க அத்தை வாசல்ல காவலுக்கு நிப்பாங்க, "ஏளா, உள்ள வராத, அம்மா சீனி காய்ச்சுதா" அப்படின்னு. உருகின சீனி பட்டா வெந்நீர் பட்ட மாதிரி வழிஞ்சு போகாது, தோல்ல ஒட்டிக்கிட்டே வேகும். ஆறினதும் பாட்டில்ல ஊத்தி வச்சா ரெண்டு மூணு வாரம் தாராளமா இருக்கும்.

ரெண்டாவது வாரம் சனிக்கிழமை அச்சு முறுக்கு. இது ஈரம் படாம வச்சா கிறிஸ்மஸ் தாண்டியும் மொறுமொறுன்னு இருக்கும், அதான் முதல்ல. பச்சரிசி மாவு 2 கப், மைதா அரை கப், பொடிச்ச சீனி முக்கால் கப், முட்டை 1, ஒரு சிட்டிகை உப்பு, கருப்பு எள், கெட்டி தேங்காய்ப்பால் ஒன்றரை கப் பக்கம். தேங்காய்ப்பாலை ஒரேயடியா ஊத்தாம பாத்து பாத்து ஊத்துங்க, தோசை மாவை விட கொஞ்சம் இளக்கமா இருந்தா போதும். புது அச்சா இருந்தா முந்தின ராத்திரியே எண்ணெய்ல முக்கி வச்சிருங்க. எண்ணெய் காய்ஞ்சதும் அச்சு எண்ணெய்க்குள்ளயே ரெண்டு மூணு நிமிஷம் கிடக்கணும், அச்சு சூடாகாம மாவுல முக்கினா மாவு அச்சுல பிடிக்கவே பிடிக்காது. முக்கும்போது முக்கால் உயரம்தான், அச்சோட மேல்பக்கம் மாவு ஏறிருச்சுன்னா அப்புறம் கழட்டவே முடியாது, உடைச்சுதான் எடுக்கணும். எண்ணெய்ல வச்சு லேசா ஆட்டினா தானா கழண்டு விழும், விழலைன்னா ஒரு குச்சியால மெதுவா தள்ளுங்க. முதல் நாலஞ்சு எப்படியும் சரியா வராது, அதை பிள்ளைங்க அப்பவே தின்னுரும்.

எங்க வீட்டுல அச்சு பிடிக்கிறது வீட்டுக்காரர் வேலை. ஆரம்பத்துல அத்தைக்கு அது பிடிக்கல, ஆம்பள அடுப்புகிட்ட நின்னா பாக்குறவங்க என்ன சொல்லுவாங்கன்னாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அவங்களே பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து "தம்பி, தீயைக் குறை" அப்படின்னு சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. மூணு மணி நேரம் ஒரே ஆள் எண்ணெய் முன்னாடி நிக்கிறது சாதாரண விஷயம் இல்ல, அந்த வேலையைத்தான் முதல்ல பங்கு போடணும்னு நான் சொல்லுவேன். கேக் கிண்டுறதுக்கு எல்லாரும் ஓடி வருவாங்க, எண்ணெய் சட்டிக்கு யாரும் வரமாட்டாங்க.

டிசம்பர் நம்ம பக்கம் மழைக்காலம், அதனால பொரிச்சது நல்லா ஆறினப்புறம்தான் டப்பாக்குள்ள போகணும், சூட்டோட மூடினா ஆவி இறங்கி மறுநாளே நமுத்துப் போகும். டப்பா அடியில ஒரு பேப்பர் விரிச்சு வைங்க. அடிக்கடி திறக்க ஒரு சின்ன டப்பா, திறக்கவே கூடாத பெரிய டப்பா ஒண்ணுன்னு ரெண்டா பிரிச்சிருங்க, பிள்ளைங்க இருக்குற வீட்டுல இது ரொம்ப முக்கியம்.

இப்ப கேக். கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கிழமைதான் எங்களுக்கு கேக் நாள். பழம் ஊற வைக்கிறதுல நிறைய பேருக்கு குழப்பம் இருக்கு. ரம், பிராந்தில ஊற வைக்கிறவங்க மாசக்கணக்குல முன்னாடியே ஊற வைப்பாங்க, அதுல கெடாது. நாங்க திராட்சை ஜூஸ்ல ஊற வைக்கிறோம், எங்க வீட்டுல சாராயம் எதுவும் உள்ள வராது, அதோட கேக் போற வீடுங்கள்ல பாய் வீடும் இருக்கு. ஆனா ஜூஸ்ல ஊற வைக்கிறவங்க ரம்ல ஊற வைக்கிறவங்களைப் பாத்து ஒரு மாசம் முன்னாடியே வெளியில ஊற வச்சிராதீங்க, அது புளிச்சு நுரைச்சு மூடி தெறிச்சிரும், எங்க சித்தி வீட்டுல அலமாரி முழுக்க திராட்சையா ஒட்டியிருந்தது. ஜூஸ்னா இப்படி பண்ணுங்க: உலர் திராட்சை, கருப்பு திராட்சை, பேரீச்சை, செர்ரி, டூட்டி ஃப்ரூட்டி, ஆரஞ்சு தோல் எல்லாம் சேத்து 350 கிராம், அது மூழ்குற அளவு திராட்சை ஜூஸ் ஊத்தி அடுப்புல வச்சு அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு, ஆறினதும் மூடி ஃபிரிட்ஜ்ல வச்சிருங்க. புதன்கிழமை ராத்திரி பண்ணா சனிக்கிழமைக்கு பழம் நல்லா உப்பி இருக்கும். (பிளம் கேக்னு பேரு, ஆனா பிளம் பழம் எங்கன்னு என் மகன் கேட்டான். பழைய இங்கிலீஷ்ல உலர் திராட்சையையே பிளம்னுதான் சொல்லுவாங்க, அந்த பேரு அப்படியே நின்னுருச்சு.)

பழம் சுத்தம் பண்றது சின்ன பிள்ளைங்க வேலை, திராட்சை காம்பு கிள்ள நாலு வயசு போதும். பேரீச்சைல கொட்டை எடுக்குறது, பட்டர் பேப்பரை டின் அளவுக்கு வட்டமா வெட்டுறது எல்லாம் ஏழெட்டு வயசுப் பிள்ளைங்க அழகா பண்ணும். கேக் டின்னுக்கு அடியில ரெண்டு வட்டம், சுத்தி ஒரு உயரமான பட்டை, டின் விளிம்பை விட ரெண்டு விரல் மேல நிக்கணும்.

எட்டு இன்ச் டின் ஒண்ணுக்கு அளவு: உப்பு போடாத வெண்ணெய் 200 கிராம், பொடிச்ச சீனி 200, மைதா 200, முட்டை 4, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், மசாலா பொடி ஒரு டீஸ்பூன், உடைச்ச முந்திரி 75 கிராம், காய்ச்சி வச்ச கேரமல்ல பாதிக்கு கொஞ்சம் மேல, மேல சொன்ன பழம் 350. வெண்ணெய், முட்டை ரெண்டையும் காலைலயே வெளிய எடுத்து வச்சிருங்க. பழத்தை வடிகட்டில போட்டு நல்லா வடிய விட்டு, மைதால இருந்து ரெண்டு ஸ்பூன் எடுத்து பிசிறி வச்சிரணும், அப்பதான் அடியில போய் உக்காராது. வெண்ணெய்யும் சீனியும் வெள்ளையா பஞ்சு மாதிரி வர வரைக்கும் அடிங்க, கையால அடிச்சா கால் மணி நேரத்துக்கு குறையாது, இங்கதான் கரண்டி வீட்டுல ஒவ்வொரு கையா மாறும். முட்டையை ஒவ்வொண்ணா ஊத்துங்க, திரிஞ்ச மாதிரி தெரிஞ்சா பயப்படாதீங்க, ஒரு ஸ்பூன் மைதா போட்டு அடிச்சா சேந்துரும். அப்புறம் ஆறின கேரமல், அப்புறம் மைதா, பேக்கிங் பவுடர், மசாலா சலிச்சது. மைதா போட்டப்புறம் அடிக்கக் கூடாது, அடிச்சா கேக் இறுகிப் போகும், மடிச்சு மடிச்சு கலக்கினா போதும். கடைசியா பழம், முந்திரி. மாவு கரண்டில இருந்து சட்டுன்னு விழக்கூடாது, தயங்கித் தயங்கி விழணும்.

பத்து நிமிஷம் முன்னாடியே சூடாக்கின ஓவன்ல 150 டிகிரி, ஒண்ணேகால் மணி நேரத்துல இருந்து ஒன்றரை மணி நேரம். முதல் அம்பது நிமிஷம் திறக்கவே கூடாது. மேல சீக்கிரம் சிவந்தா ஒரு அலுமினிய ஃபாயில் மூடுங்க. ஈர்க்குச்சி குத்தி ஈரமாவு ஒட்டாம வந்தா ஆச்சு. டின்லயே ஆற விட்டு, பட்டர் பேப்பர்ல சுத்தி டப்பால வைங்க. அன்னைக்கே வெட்டாதீங்க, ரெண்டு நாள் போனாதான் மசாலா வாசம் இறங்கும், வெட்டினா தூள் தூளா உதிராம துண்டு துண்டா வரும். ஜூஸ்ல பண்ண கேக் நம்ம ஈரக்காத்துல வெளிய ஒரு வாரம்தான், அதுக்கு மேலன்னா ஃபிரிட்ஜ்.

ஓவன் இல்லாதவங்க இதைப் படிச்சு கைவிட்டுராதீங்க. 2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை, அந்த மழையை நெல்லை தூத்துக்குடிக்காரங்க யாரும் மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, தாமிரபரணி கரையைத் தாண்டி திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே தண்ணிக்குள்ள போயிருச்சு. எங்க தெரு மேடு, வீட்டுக்குள்ள தண்ணி வரல, ஆனா கரண்ட் போயிருச்சு. முந்தின நாள்தான் ரெண்டு கேக்குக்கு பழம் கொதிக்க வச்சு ஃபிரிட்ஜ்ல வச்சிருந்தேன். திங்கள்கிழமை சாயங்காலம் மூடியைத் திறந்தா லேசா புளிச்ச வாசம் வர மாதிரி இருந்துச்சு. இன்னும் ஒரு நாள் விட்டா குப்பைக்குத்தான் போகும். அத்தைதான் சொன்னாங்க, "சட்டில வை, நாங்கல்லாம் ஓவனா வச்சிருந்தோம்". பழத்தை திரும்ப ஒரு கொதி விட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்துல கையாலயே அடிச்சோம்.

செய்முறை இதுதான்: அடி கனமான பெரிய அலுமினிய சட்டி, இல்ல பழைய குக்கர், குக்கர்னா மூடில இருக்குற ரப்பரையும் வெயிட்டையும் கழட்டிரணும், தண்ணி ஊத்தவே கூடாது. அடியில ஒரு இன்ச் கனத்துக்கு கல் உப்பு பரப்பி, மேல ஒரு ஸ்டாண்ட், மூடி போட்டு மிதமான தீயில பத்து நிமிஷம். அப்புறம் டின்னை உள்ள வச்சு தீயை இருக்குறதுலயே சின்னதா வச்சிருங்க. ஒரு மணி நேரம் கழிச்சு குச்சி விட்டு பாருங்க, எங்களுக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. மேல ஓவன்ல வர மாதிரி சிவக்காது, ஆனா உள்ள பதம் அப்படியே இருந்துச்சு. அந்த ரெண்டு கேக்கையும் மறுநாளே வெட்டி, மாடி வீட்டுக்காரங்க, எதுத்த வீட்டுல மூணு நாளா சொந்தக்காரங்க வந்து தங்கியிருந்தாங்க, எல்லாருக்கும் கட்டங்காப்பியோட கொடுத்தோம். 25ந் தேதிக்கு எங்களுக்கு கேக் இல்ல, அச்சு முறுக்கு மட்டும்தான் இருந்துச்சு, அது போதும்னு இருந்துச்சு.

முந்திரிக்கொத்து 21, 22 வாக்குல. பாசிப்பயறை வாசம் வர வறுத்து ரவை மாதிரி திரிச்சு வைக்கிறதை மட்டும் முன்னாடியே முடிச்சிருங்க. தேங்காய் துருவலை ஈரம் போக நல்லா வறுக்கணும், அங்க அவசரப்பட்டா ரெண்டு நாள்ல சிக்கு வாடை வந்துரும். வெல்லப்பாகை ஊத்தி, ஏலக்காய் சுக்கு போட்டு, சூடு ஆறுறதுக்குள்ள உருட்டியாகணும், இதுக்கு வீட்டுல இருக்குற எல்லா கையும் வேணும். பச்சரிசி மாவுல மஞ்சள், உப்பு போட்டு கரைச்சு, மூணு மூணா சேத்து முக்கி எண்ணெய்ல விட்டா ஒட்டிக்கிட்டு கொத்தா வரும்.

தட்டு கொடுக்குற லிஸ்ட்டை 20ந் தேதியே எழுதிருங்க. தீபாவளிக்கு நமக்கு யார் வீட்டுல இருந்தெல்லாம் பலகாரம் வந்துச்சோ அவங்க முதல்ல. முட்டை சேக்காத வீடு இருந்தா அவங்களுக்கு தனியா ஒரு சின்ன டின்: நாலு முட்டைக்கு பதிலா ஒரு கப் கெட்டித் தயிர்ல அரை டீஸ்பூன் சோடா உப்பு கலந்து அஞ்சு நிமிஷம் விட்டா பொங்கி வரும், அதை ஊத்திக்கோங்க. கரண்டி, பாத்திரம் எல்லாம் தனியா எடுத்து, முட்டை கேக்குக்கு முன்னாடியே இதைப் பண்ணிருங்க, அச்சு முறுக்குலயும் முட்டை இருக்கு, அந்த தட்டுல அதை வச்சிராதீங்க. எங்க பக்கத்து வீட்டு ஆச்சி முதல் வருஷம் தட்டை வாங்கி உள்ள வச்சிட்டாங்க, சாப்பிடலன்னு அப்புறம்தான் தெரிஞ்சது, அடுத்த வருஷம் "ஆச்சி, இது உங்களுக்குன்னு முட்டை இல்லாம பண்ணது"ன்னு சொல்லிக் கொடுத்தப்ப வாசல்லயே நின்னு ஒரு துண்டு பிச்சு வாயில போட்டாங்க. சுகர் இருக்குற பெரியவங்களுக்கு கேக்கை சின்னதா வெட்டி, கை முறுக்கு கூட வச்சி கொடுங்க, ஒண்ணும் கொடுக்காம விட்டுராதீங்க.

24ந் தேதி எங்க அடுப்படில சோறு குழம்பு தவிர எதுவும் கிடையாது. சாயங்காலம் பிள்ளைங்க குடில்ல வைக்கோல் சரி பண்ணும், ஸ்டார்ல பல்பு எரியுதான்னு அவங்க அப்பா பாப்பாங்க, நான் சேலைக்கு இஸ்திரி போட்டுட்டு பத்து மணிக்கு படுத்துருவேன்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, ஒரு சின்ன கேக்கை பட்டர் பேப்பர் சுத்தி ஃபிரிட்ஜ்ல பின்னாடி யாருக்கும் தெரியாம வச்சிருங்க. 31ந் தேதி நடுராத்திரி ஆராதனை முடிஞ்சு பசியோட வீட்டுக்கு வருவோம்ல, அப்ப வெட்ட.